அந்த நாய் ஆள் கூட்டிவரப் போகவில்லை

இது நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். கால் வலி, சர்க்கரை, மழை பெய்ததா என்று எல்லாம் விசாரித்து முடித்தபின், "டீச்சர், அந்த ஆள் செத்துட்டானாமே?" என்றான். நான் பதறிப்போய் "யாருப்பா?" என்று கேட்டேன். சிங்கவரத்தில் யாரோ என்று நினைத்துவிட்டேன். "நீங்க சொல்லுவீங்களே டீச்சர், பனியில நெருப்பு மூட்டுற ஆளு. நாய் போய் ஆளைக் கூட்டியாருமே. அந்தக் கதைய எம் பொண்ணு இப்ப இங்கிலீஷ்ல படிச்சிருக்கா. அவன் செத்துடறானாம். நாய் யாரையும் கூட்டியாரலையாம். நான் இல்லைன்னு சண்டை போட்டேன். அவ புத்தகத்தையே காட்டிட்டா."

எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொன்ன பொய் அது. என்னிடம் படித்த பலருக்கு அந்தக் கதை நினைவிருக்கும். கடைசி பீரியடில் மழை பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முடியாத நாட்களில் சொல்லும் கதை. உங்களிடம் நான் சொன்ன முடிவு தவறு. கதையை எழுதியவர் எழுதிய முடிவு வேறு. இதை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

கதையை எழுதியவர் ஜாக் லண்டன், அமெரிக்கர். 1897இல் கனடாவின் வடக்கே குளோண்டைக்கில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே திரண்டு ஓடியபோது, இருபத்தொரு வயதில் அவரும் ஓடினார். தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. நல்ல உணவில்லாமல் ஸ்கர்வி வந்து மறு ஆண்டு திரும்பினார். அந்த ஒரு குளிர்காலத்தை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் கதை எழுதினார். அதில் ஒன்றுதான் இந்தக் கதை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் தமிழில் வாய்வழியாகச் சொன்னார். நான் அன்றைக்குப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

கதை இதுதான். யூகான் என்ற பகுதியில் ஒரு மனிதன் தன்னந்தனியாகப் பனியில் நடக்கிறான். மாலைக்குள் நண்பர்கள் இருக்கும் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். கூட ஒரு நாய். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி. அது பாரன்ஹீட் கணக்கு, நம் கணக்கில் மைனஸ் 59 சொச்சம். இந்த மாதிரிக் குளிரில் தனியாகப் போகாதே என்று அனுபவப்பட்ட ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். கிழவருக்குப் பயம் என்று இவன் மனசுக்குள் சிரிக்கிறான். வழியில் பனிக்கு அடியில் மறைந்திருந்த தண்ணீரில் கால் போய்விடுகிறது. நனைந்த காலை உடனே உலர்த்தாவிட்டால் விறைத்துவிடும். நெருப்பு மூட்டுகிறான். ஒரு மரத்தடியில் மூட்டுகிறான், அங்கேதான் சுள்ளி கைக்கு எட்டுகிறது. ஒவ்வொரு சுள்ளியாக இழுக்க இழுக்க மரம் மெல்ல அசைகிறது. கிளைகளில் தேங்கியிருந்த பனி மொத்தமும் சரிந்து நெருப்பின் மேல் விழுகிறது. நெருப்பு போச்சு. மறுபடி மூட்டப் பார்க்கிறான், விரல்களுக்கு உணர்வில்லை. எழுபது தீக்குச்சிகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக் கொளுத்துகிறான். சதை கருகும் வாசனை வருகிறது. அதுவும் அணைந்துபோகிறது.

குளிர் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது லேசான காரியமில்லை. குச்சி ஐஸ் விற்பவர் பெட்டிக்குள் கையை விட்டு நூறு எண்ணும்வரை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மறுநாள் நிஜமாகவே இரண்டு பேர் போய்க் கையை விட்டு ஐஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும்.

முதல் தடவை நான் உண்மையான முடிவைத்தான் சொன்னேன். 1987 என்று நினைவு. அந்த ஆள் சாகிறான், நாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முடித்தேன். வகுப்பில் ஒரு பெண் குழந்தை எழுந்து, "கூட இருந்த நாய் ஏன் டீச்சர் யாரையும் கூப்பிடல?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடையில் அவள் அண்ணன் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். கூடப் போன பையன் பயத்தில் யாரிடமும் சொல்லாமல் வீட்டில் போய் ஒளிந்துகொண்டான். இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தையிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து நாய் முகாமுக்கு ஓடியது, குரைத்தது, ஆட்களின் கம்பளியைப் பிடித்து இழுத்தது, அவர்கள் விளக்கோடு வந்து அந்த மனிதனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன் வந்தபிறகு என் தங்கை மகனிடம் சொல்லி அந்தக் கதையை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜாக் லண்டன் இந்தக் கதையை இரண்டு தடவை எழுதியிருக்கிறார். முதலில் 1902இல், 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற பத்திரிகையில், இளம் வாசகர்களுக்காக. அதில் ஆள் பிழைத்துக்கொள்கிறான்! ஆறு ஆண்டு கழித்து 1908இல் 'செஞ்சுரி' பத்திரிகையில் பெரியவர்களுக்காகத் திரும்ப எழுதினார். உலகம் படிப்பது இந்த இரண்டாவதைத்தான். இதில் ஆள் சாகிறான்.

"பார்த்தாயா, பிள்ளைகளுக்கு என்றால் அவரே முடிவை மாற்றியிருக்கிறார்" என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷம். வேகவேகமாக முதல் கதையைப் படித்தேன். சந்தோஷம் நிற்கவில்லை.

1902ஆம் ஆண்டுக் கதையில் அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, டாம் வின்சென்ட். நாய் கிடையாது. நெருப்பின் மேல் பனி விழுவது அதிலும் இருக்கிறது. ஆனால் அவன் கருகிய கையோடு போராடித் தானே இன்னொரு நெருப்பு மூட்டிப் பிழைக்கிறான். கையில் தழும்பு கடைசிவரை இருக்கும் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். தனியாகப் போகக்கூடாது என்று அவனே கற்றுக்கொண்டதாகவும் வெளிப்படையாக எழுதிவிடுகிறார், நம் நீதிக்கதை மாதிரி. அதாவது ஆளைப் பிழைக்க வைத்தாலும் அவன் செய்த தவறுக்குத் தள்ளுபடி கொடுக்கவில்லை. யாரும் வந்து அவனைத் தூக்கவில்லை. நான் சொன்ன கதையிலோ அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம், படுத்துக் கிடந்தால் போதும், நாய் பார்த்துக்கொள்ளும். எழுதினவர் பிள்ளைகளுக்காக ஒரு முடிவு வைத்திருந்தார், அதுவும் எனக்குத் தெரியாது. நானாக வைத்த முடிவு அதைவிட எவ்வளவோ சொகுசானது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு எழுத்தாளர் எப்படி வளர்கிறார் என்று தெரியும். தமிழாசிரியர்களாக இருக்கும் என் மாணவிகள் இருவர் கட்டாயம் செய்து பாருங்கள். இரண்டாவது கதையில் அந்த ஆளுக்குப் பெயரையே எடுத்துவிட்டார். வெறும் மனிதன். ஊர் உண்டா, அம்மா உண்டா, கல்யாணம் ஆயிற்றா, ஒன்றும் சொல்லவில்லை. குளிருக்கு அதெல்லாம் எதற்கு? பேச்சும் அநேகமாகக் கிடையாது. கிழவர் சொன்னது நினைவில் வருகிறது, அவ்வளவுதான். பதிலுக்கு என்ன இருக்கிறது என்றால் எண்கள் இருக்கின்றன. எத்தனை டிகிரி, எத்தனை மைல், எத்தனை மணி, எத்தனை தீக்குச்சி. பொருள்கள் இருக்கின்றன. கையுறை, மரப்பட்டை, உறைந்துபோகாமல் இருக்கச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் ரொட்டி. துப்பினால் எச்சில் தரையில் விழும்முன் காற்றிலேயே படீரென்று வெடிக்கிறது. அந்த ஒன்றே குளிரைச் சொல்லிவிடுகிறது.

நான் எத்தனை வருஷம் 'நான் கண்ட காடு' என்று கட்டுரை எழுத வைத்திருப்பேன்! மயில் ஆடியது, குயில் கூவியது, அருவி வெள்ளியை உருக்கியது போல் விழுந்தது என்று எழுதினால் பத்துக்கு எட்டு. அந்தக் காட்டில் யாருக்கும் பசிக்கவில்லை, யார் காலிலும் முள் குத்தவில்லை. இந்தக் கதையில் ஒரு மரம் வருகிறது என்றால் அதன் கிளையில் பனி இருக்கிறது என்பதற்காக வருகிறது. அந்தப் பனி ஒரு உயிரை எடுக்கப் போகிறது. உயிருக்குச் சம்பந்தமில்லாத வரி ஒன்று கூட இல்லை. காட்டில் தப்பிப் பிழைக்கும் கதைகள் எல்லாவற்றுக்கும் இந்த நடை பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆபத்து நெருங்க நெருங்க வாக்கியம் குட்டையாகிறது. அவன் வருந்தினான், அவன் எண்ணினான் என்பதெல்லாம் போய், குச்சியை உரசினான், குச்சி விழுந்தது, எடுக்கக் குனிந்தான் என்று ஆகிவிடுகிறது.

நம் தமிழில் இப்படி உண்டா என்று யோசித்தேன். சிறுகதையில் உடனே நினைவுக்கு வருவது ஜெயமோகனின் 'ஊமைச்செந்நாய்'. வேட்டைக்குப் போகும் ஒரு வெள்ளைக்கார துரையும் அவருடைய வேலைக்காரனும். ஜாக் லண்டன் கதையில் காட்டை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த இடத்தில் இல்லாத கிழவர், இன்னொன்று பேசத் தெரியாத நாய். ஜெயமோகன் கதையில் காட்டை அறிந்தவனை ஊமை என்று அழைக்கிறார்கள், ஆனால் கதை முழுக்க அவன்தான் நமக்குச் சொல்கிறான். காட்டுக் கதையை யார் சொல்கிறார்கள் என்பதே பெரிய விஷயம் என்று அதைப் படித்தபோது தோன்றியது. முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள். இந்த முறை முடிவில் நான் கை வைப்பதாக இல்லை.

பழைய இலக்கியத்துக்குப் போனால் நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். சங்க காலத்தில் அது செங்கண்மா, நன்னன் என்ற அரசனின் ஊர். அவனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு. தேர்வுக்கு ஆசிரியர் பெயர், அடி எண்ணிக்கை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, ஓய்வு பெற்றபிறகுதான் உரையோடு முழுக்கப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அது ஒரு மலைக்காட்டில் உயிரோடு போய்ச் சேரும் வழி. பன்றிக்கு வைத்த கல்பொறிகள் வழியில் இருக்கும், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். பாம்புகள் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், அது உங்கள்மேல் படக்கூடும், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாசி படிந்த வழுக்கலான இடங்கள் இருக்கின்றன, பற்றுக்கோடு பிடித்துப் போங்கள். இரவானால் குகையில் தங்குங்கள். இவ்வளவுக்கும் நடுவே மலையின் அழகும் ஓசையும் குறைவில்லாமல் வருகின்றன. எச்சரிக்கையும் வருணனையும் ஒன்றாகப் போக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி, ஆகவே மயிலுக்கும் குயிலுக்கும் நான் கொடுத்த எட்டு மார்க்கைத் திரும்பப் பெற வேண்டியதில்லை!

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்னக் குறிப்பு. வழி பிரியும் இடங்களில் சரியான வழி எது என்று தெரியப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போங்கள் என்கிறார் புலவர். முடிகிறவருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. அவர்தான் வழி கண்டுபிடித்துப் போய்விட்டாரே. பின்னால் வருகிறவருக்காக. இந்தப் பாட்டு முழுக்க நீங்கள், நீங்கள் என்று பன்மையில்தான் பேசுகிறது. இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு விறலியரோடு கூட்டமாகப் போகிறார்கள். சொல்பவனும் அதே வழியில் போய்ப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிறவன். அவனுடைய பேச்சை இவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். யூகானில் கிழவர் சொன்னதை அந்த மனிதன் கேட்கவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ஒன்று ஆற்றுப்படை ஆகிறது, இன்னொன்று சாவுக் கதை ஆகிறது.

இப்போது அந்த மாணவனிடம் வருகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரையும் போடுங்கள் டீச்சர் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன்.

1991, ஐப்பசி. அவன் ஐந்தாம் வகுப்பு. நம் மலைகள் எப்படி என்று வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. காடு என்று சொல்ல முடியாது. யானை உருட்டி விளையாடியது போலப் பாறைமேல் பாறை, நடுவே நடுவே முள்ளும் கள்ளியும் சீத்தா மரமும். கோட்டையிருக்கும் ராஜகிரியும் அப்படித்தான், எங்கள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குன்றும் அப்படித்தான். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது முதல் எல்லோரும் கோட்டையைப் போட்டோ எடுக்கிறார்கள். பாறை இடுக்கை யாரும் எடுப்பதில்லை. எங்களுக்குப் பயமெல்லாம் அந்த இடுக்குகளும் மலைத்தேனீயும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சீத்தாப்பழம் பறிக்க அவன் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏறிவிட்டான். இறங்கும்போது சறுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது. ஊரே தேடியது. என் வீட்டுக்காரரும் டார்ச் லைட்டோடு போனார். முதலில் ஏரிக்கரை, கிணறுகள், அப்புறம் மலையடிவாரம் என்று தேடிவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் பார்த்துத் தூக்கி வந்தார். உயிர் பிழைத்தான். ஆனால் விடிய விடிய கால் அந்த இடுக்கிலேயே நசுங்கிக் கிடந்ததால் எலும்பு சரியாகச் சேரவில்லை. இன்றுவரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். போலீஸ் ஆக வேண்டும் என்று வகுப்பில் கேட்கும்போதெல்லாம் முதலில் கை தூக்குகிறவன் அவன். அது நடக்கவில்லை. இப்போது அச்சகத்தில் வேலை, நன்றாகத்தான் இருக்கிறான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரியாத பகுதியை போனில் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எங்கூட நாய் ஒண்ணு வந்துச்சு டீச்சர். நம்ம தெரு நாய்தான், செவலை. நான் ஏறும்போது கூடவே ஏறிச்சு. கால் மாட்டினதுக்கு அப்புறமும் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. நான் கத்திக் கத்திப் பாத்தேன், தொண்டை கட்டிடுச்சு. மழை பெருசானதும் அது எறங்கிப் போயிடுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். ஆளைக் கூட்டியாரத்தான் போவுதுன்னு நெனச்சேன். உங்க கதைல வருமே. அப்புறம் கீழ வெளிச்சம் தெரிஞ்சுது. நாலஞ்சு டார்ச். நாய் கூட்டியாருதுன்னே நெனச்சு சும்மா இருந்துட்டேன். இருந்த கொஞ்சத் தொண்டைக்கு அப்பக் கத்தியிருக்கலாம். கத்தல. வெளிச்சம் அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. "டீச்சர், லைன்ல இருக்கீங்களா?" என்றான். இருக்கிறேன் என்றேன். "அட, வருத்தப்படாதீங்க டீச்சர். உண்மையான முடிவு தெரிஞ்சிருந்தா பயத்துலயே செத்திருப்பேன். நாய் வரும் வரும்னு நெனச்சுதான் ராத்திரிய ஓட்டினேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை, இருட்டு, மழை, முறிந்த கால். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டாமா? ஆனால் அந்த டார்ச் வெளிச்சம் எனக்குக் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதில் ஒன்று என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன், எந்த இடம்வரை போனீர்கள் என்று.

1908ஆம் ஆண்டுக் கதையின் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கேயும் நாய் முகாமை நோக்கித்தான் ஓடுகிறது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. மனிதன் அசையாமல் உட்கார்ந்திருப்பதை நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஏன் நெருப்பு மூட்டவில்லை என்று அதற்குப் புரியவில்லை. இருட்டுகிறது. பக்கத்தில் போய் மோந்து பார்த்துச் சாவை உணர்கிறது. கொஞ்ச நேரம் ஊளையிடுகிறது. பிறகு தனக்குத் தெரிந்த முகாமின் திசையில் ஓடுகிறது, அங்கே சோறு போடவும் நெருப்பு மூட்டவும் வேறு மனிதர்கள் இருப்பார்கள். அவ்வளவுதான் கதை. ஆக நான் மாற்றியது ரொம்பக் கொஞ்சம். நாய் ஓடியது நிஜம். எதற்காக ஓடியது என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன். ஜாக் லண்டன் நாயைத் திட்டவும் இல்லை. அது நன்றி கெட்டது என்று எங்கேயும் எழுதவில்லை. நாய் நாயாக இருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறதே, ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள், வருஷா வருஷம் உங்களை நடத்தியே கூட்டிப் போவேன். அங்கேயுள்ள பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. அதே குன்றில் இளையபட்டாரர் என்பவர் 30 நாள் இருந்திருக்கிறார். பெயர், நாள் கணக்கு, நோன்பு, அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது. பாறையோடு பாறையாகத் தானே விரும்பி இருந்தவர் கதையை அப்படிச் சுருக்கமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் வந்து காப்பாற்றியதாக ஒரு எழுத்தைக்கூட அதிகமாகச் சேர்க்கவில்லை. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் ஒருமுறை உங்களுக்கு என் நாய்க் கதையைச் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னமோபோல் இருக்கிறது.

ஆகவே, 1988 முதல் 2019இல் நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஆள் இறந்துவிட்டான். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களும் என் முடிவையே சொல்லியிருந்தால், கொஞ்சம் பெரியவர்கள் ஆனதும் மாற்றிச் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் டாம் வின்சென்ட் கதையைச் சொல்லலாம், அதில் அவன் பிழைக்கிறான், தன் கையால் பிழைக்கிறான். 1987ஆம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்ட பெண் இதைப் படித்தால், "அம்மா, உன்னை நினைத்துத்தான் மாற்றினேன்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் மகளோடும் பேசினேன். ஒன்பதாம் வகுப்பு. கெட்டிக்காரி, என்னை டீச்சர் பாட்டி என்கிறாள். "ஏன் பாட்டி மாத்துனீங்க?" என்று நேராகவே கேட்டாள். கிணற்றுச் சம்பவத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்பாகூட மலைக்குப் போன நாய் அன்னைக்கு ராத்திரி எங்கதான் போச்சு? யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியும். நான் அவள் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை, அவளிடம் சொன்னேன். மழையில் தொப்பலாக நனைந்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்துக்கொண்டது. தேடப் போனவர்கள் எப்போது வருவார்களோ என்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பாவம் நனைந்துவிட்டதே என்று ராத்திரிச் சோற்றில் கொஞ்சம் ரசம் ஊற்றி வைத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு தூங்கிவிட்டது.